கர்ப்பத்தில் வாசனை எண்ணெய்: மாமியார் சொல்வதா, நாத்தனார் சொல்வதா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 28. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறார். முதல் கர்ப்பம், 30 வாரம் முடிந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்றாம் மாதம் வாந்தியில் துவண்டு கிடந்தபோது பெங்களூர் நாத்தனார் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பினாராம். உள்ளே விரல் நீளத்துக்கு ஆறு பழுப்புச் சீசாக்கள்: லாவண்டர், பெப்பர்மிண்ட், எலுமிச்சை, யூகலிப்டஸ், கிளாரி சேஜ் (ஒரு மூலிகை), மல்லிகை. கூடவே, வாசனையை அறையில் பரப்புகிற ஒரு டிஃப்யூசர் கருவி. ‘எல்லாம் செடியிலிருந்து எடுத்தது, சைடு எஃபெக்ட்டே கிடையாது’ என்று ஒரு சீட்டு. வாந்திக்கு எலுமிச்சை எண்ணெயை வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நாள் குடித்திருக்கிறார். இப்போது தூக்கம் வராததால் ஏ.சி. அறையில் ராத்திரி முழுக்க லாவண்டர் டிஃப்யூசர் ஓடுகிறது. சாயங்காலம் தலை வலித்தால் அதே லாவண்டரை நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்கிறார். இரண்டு வாரமாக இரவில் உள்ளங்காலும் உள்ளங்கையும் அரிக்கின்றன. பெப்பர்மிண்ட் தடவினால் ‘குளுகுளுவென்று இருக்கிறது, அரிப்பு அடங்கிவிடுகிறது’.

மாமியாருக்கு இந்தப் பெட்டியையே பிடிக்கவில்லை. ‘கண்ட வாசனையும் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது’ என்கிறார். ஆனால் அதே மாமியார்தான் தினமும் மருமகளின் இடுப்புக்கு ஊட்டியில் வாங்கிய தைலத்தைத் தேய்த்துவிடுகிறார். 37வது வாரத்திலிருந்து கிளாரி சேஜை வயிற்றில் தடவி, விளக்கெண்ணெயும் குடித்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று சொல்லும் ஒரு வீடியோவையும் வாசகி பார்த்திருக்கிறார். ‘யார் சொல்வது சரி டாக்டர்? தெரியாமல் குழந்தைக்குக் கெடுதல் பண்ணிவிட்டேனா? செக்கப்பில் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நான்கு பக்கத்தில் சீசாக்களைப் பற்றி மூன்றே முக்கால் பக்கம். அரிப்பைப் பற்றி இரண்டே வரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இரண்டு வரியில்தான். அதனால்தான் இந்தப் பதில் வெளியாகும் வரை காத்திருக்காமல், கடிதம் கிடைத்த அன்று மாலையே, ‘நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பார்த்து அரிப்பைச் சொல்லுங்கள்’ என்று தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன். பார்த்துவிட்டதாகவும், இரத்தம் கொடுத்திருப்பதாகவும் பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. அது என்ன பரிசோதனை, ஏன் அவ்வளவு அவசரம் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே அரிப்போடு இதே சீசாவைக் கையில் வைத்திருக்கும் வேறு பெண்களும் இதைப் படிக்கக்கூடும்.

முதலில் அந்த அரிப்பு

கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அரிப்பு வருகிறது. வயிற்றுத் தோல் விரிவதால் வரும், வறட்சியால் வரும், வேர்க்குருவால் வரும். அதற்கெல்லாம் தேங்காய் எண்ணெயே போதும். ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவும் இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆரம்பித்து, படுக்கப் போனதும் அதிகமாகிற அரிப்பு வேறு ரகம். அது தோலின் கோளாறாக இல்லாமல் கல்லீரலின் கோளாறாக இருக்கலாம்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிலருக்கு, ஹார்மோன்கள் ஏறியிருப்பதால், கல்லீரலிலிருந்து பித்தநீர் வடிவது மந்தமாகிவிடும். வடியாத பித்த அமிலங்கள் இரத்தத்தில் சேரும். அரிப்பு அதன் அடையாளம். நம் வீடுகளில் தலை சுற்றினாலும் பித்தம், நாக்கு கசந்தாலும் பித்தம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இது அந்தப் பித்தம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்து எண்ணாகச் சொல்லக்கூடிய பித்தம். இந்தியா, பாகிஸ்தான் வழிவந்த பெண்களுக்கு இது ஐரோப்பியப் பெண்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வருகிறது.

அம்மாவைப் பொறுத்தவரை அரிப்பும் தூக்கக் கேடும்தான் தொல்லை. குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். கவலை குழந்தையைப் பற்றியது. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவைத் தொட்டால், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. அதற்குக் கீழே இருந்தால் அந்த அபாயம் 38 வாரம் வரையாவது மற்றக் கர்ப்பங்களைப் போலத்தான். ஆகவே பயப்படுவதா, நிம்மதியாக இருப்பதா என்பதை அந்த எண்தான் சொல்ல வேண்டும். இதற்குத்தான் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும். பித்த அமிலப் பரிசோதனையைச் சிறிய ஊர்களில் வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் செய்வார்கள், முடிவு வர ஓரிரு நாள் பிடிக்கலாம்.

முடிவு சரியாக இருந்தால் சந்தோஷம். ஆனால் அரிப்பு தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பு முதலில் வந்து, இரத்தத்தில் மாற்றம் பின்னால் தெரிவதும் உண்டு. எண் கூடியிருந்தால் அடிக்கடி பரிசோதனை, தேவைப்பட்டால் மாத்திரை, பிரசவத்தை எந்த வாரத்தில் வைத்துக்கொள்வது என்ற முடிவு, இவற்றை உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெப்பர்மிண்ட் தடவியது தப்பா என்று கேட்டால், தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்த அரிப்புக்கு, பெப்பர்மிண்டில் இருக்கும் அதே மெந்தால் கலந்த கிரீமை நாங்களே எழுதிக் கொடுப்பதுண்டு. மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அந்தக் குளிர்ச்சியில் அரிப்பு அமுங்கிப்போகிறது. பித்த அமிலம் இருந்த அளவில் அப்படியே இருக்கும். உங்கள் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது, அதுதான் சிக்கல். அது வேலை செய்யாமல் போயிருந்தால் மூன்றாம் நாளே டாக்டரிடம் ஓடியிருப்பீர்கள்.

‘கெடுதல் பண்ணிவிட்டேனா?’

இல்லை. இந்தக் கேள்வியை இன்றோடு இறக்கி வைத்துவிடுங்கள். எலுமிச்சை எண்ணெய் மிட்டாயிலும் குளிர்பானத்திலும் மணத்துக்காகச் சேர்க்கிற பொருள். இரண்டு சொட்டு, பத்து நாள். அப்புறம் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு எல்லா உறுப்பும் சரியாக இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொட்டுகளால் எதுவும் ஆகிவிடவில்லை.

ஆனால் இனி எந்த எண்ணெயையும் குடிக்க வேண்டாம். தண்ணீரில் விட்டால் அது கரையாது, மேலே மிதக்கும். குடிக்கும்போது அந்தச் சொட்டு அப்படியே வாயிலும் உணவுக்குழாயிலும் படும். மேலும், சீசாவுக்குச் சீசா விஷத்தன்மை மாறும். எலுமிச்சையில் தப்பித்தோம் என்று யூகலிப்டஸைக் குடித்தால் கதை வேறு. ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் எண்ணெய் பெரியவர்களையே மயக்கத்தில் தள்ளக்கூடியது.

வாந்திக்கு வாசனையே போதும். ஈரானில் 100 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குமட்டும்போது எலுமிச்சை எண்ணெய் நனைத்த பஞ்சை முகர்ந்தவர்களுக்கு, வெறும் பாதாம் எண்ணெயை முகர்ந்தவர்களைவிடக் குமட்டல் குறைந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே மலைப்பாதை பஸ்ஸில் போகும் நம் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தி இல்லை.

நாத்தனார் அன்போடுதான் அனுப்பியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த வாக்கியம் சரியில்லை. அரளி விதையும் செடியில்தான் காய்க்கிறது. இன்னொரு குழப்பம், ‘எண்ணெய்’ என்ற சொல்லால் வருகிறது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஆட்டி எடுத்த கொழுப்பு, கை நிறைய எடுத்து உடம்பெல்லாம் தேய்க்கலாம். இந்தச் சீசாக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது செடியை நீராவியில் வடித்து எடுத்த வாசனைச் சத்து. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய்க் கறை அப்படியே நிற்கும், லாவண்டர் சொட்டு கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். அவ்வளவு லேசான பொருள் என்பதால் தோலுக்குள்ளும் சுலபமாக இறங்குகிறது. 1992இல் ஓர் ஆணின் வயிற்றில் லாவண்டர் கலந்த எண்ணெயைத் தேய்த்து இரத்தத்தைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் இரத்தத்தில் தெரிந்தது, பத்தொன்பதாவது நிமிடத்தில் உச்சத்துக்குப் போனது, ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. தோலில் தடவியது தோலோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அதனால் அளவு முக்கியம். எண்ணெயை அப்படியே தோலில் படவிடக் கூடாது. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி தேங்காய் எண்ணெயில் லாவண்டர் ஆறு சொட்டு. அது சுமார் ஒரு சதவீதம். கர்ப்பத்தில் அதற்கு மேல் போக வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் தோலில் தடவாமல் இருப்பதே நல்லது என்று நான் சொல்வேன். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

டிஃப்யூசரும் ஆறு சீசாவும்

உங்கள் மாமியாரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வாசனையால் குழந்தைக்கு மூச்சு முட்டாது, வயிற்றுக்குள் குழந்தை காற்றைச் சுவாசிப்பதே இல்லை. ஆனால் மூச்சு முட்டக்கூடிய ஆள் ஒருவர் அந்த அறையில் இருக்கிறார், அது நீங்கள். கதவை அடைத்து, ஏ.சி. போட்டு, எட்டு மணி நேரம் லாவண்டரை நிரப்பிக்கொண்டே இருந்தால் தலைவலியும் குமட்டலும் வரத்தான் செய்யும். உங்கள் தலைவலியில் ஒரு பங்கு அதனால்கூட இருக்கலாம். மூன்று நான்கு சொட்டு, படுக்கப் போகுமுன் அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பிறகு அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்கு மாமியாரும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். (டிஃப்யூசரைப் பார்த்துப் பயப்படுகிற பல வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையில் ஆள் முகம் தெரியாது. என்னைக் கேட்டால் கர்ப்பிணிக்கு அந்தப் புகைதான் இதைவிட மோசம்.)

சீசாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். லாவண்டர், மேலே சொன்ன அளவில் சரி. எலுமிச்சை முகர்வதற்கு மட்டும், தோலில் தடவி வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகும். பெப்பர்மிண்ட், அரிப்புக்கு டாக்டர் கிரீம் கொடுக்கும்வரை தேங்காய் எண்ணெயில் கலந்து கொஞ்சமாக. யூகலிப்டஸ், சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற வெந்நீரில் ஒரு சொட்டு, அதுவும் ஆஸ்துமாவோ வலிப்போ இல்லாதவர்களுக்கு மட்டும். கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த தைலங்களைத் தடவியோ முகர்ந்தோ வலிப்பு வந்தவர்களைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிளாரி சேஜுக்குப் பிறகு வருகிறேன்.

மல்லிகைச் சீசாதான் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது. 15 மில்லி 250 ரூபாய் என்று விலை எழுதியிருக்கிறீர்கள். மல்லிகையை நீராவியில் வடிக்க முடியாது, மணம் கெட்டுவிடும். கரைப்பான் கொண்டுதான் எடுப்பார்கள். சத்தியமங்கலம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வண்டி வண்டியாகப் பூவைக் கொட்டி எடுக்கிறார்களே, அதில் ஒரு கிலோ சுத்தமான சாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். முகூர்த்த நாளில் ஒரு கிலோ மல்லி என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். 250 ரூபாய்க்குக் கிடைப்பது செயற்கை வாசனைத் திரவம். தோலில் தடவ வேண்டாம். ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு தரத்தை எந்த அரசும் வரையறுக்கவில்லை, விற்கிறவர்கள் வைத்த பெயர்.

மாமியாரின் ஊட்டித் தைலம்

பெட்டியைவிட எனக்கு இதுதான் உறுத்தியது. லேபிளைப் பார்த்து எழுதியிருந்தீர்கள்: விண்டர்கிரீன் எண்ணெய், கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ். நீலகிரியில் வளரும் ஒரு புதர்ச்செடியிலிருந்து எடுப்பது விண்டர்கிரீன். அது கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் உள்ளே போனால் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம்.

தோலில் தேய்க்கும்போது அவ்வளவும் உள்ளே போவதில்லை, உண்மை. என்றைக்கோ ஒரு நாள் சுளுக்குக்குத் தடவியதற்குப் பயப்படவும் வேண்டாம். ஆனால் தினமும் இடுப்பு முழுக்க, சூடு பறக்கத் தேய்த்து, மேலே வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால் உள்ளே போகிற அளவு கூடும். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலிநிவாரணிகள் அதிகமானால் குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கலாம், கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஓர் இரத்தக் குழாய் பிறக்கும் முன்பே சுருங்கவும் வாய்ப்புண்டு. ரத்த அழுத்தம் வராமலிருக்க மருத்துவர் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு, அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். கற்பூரமோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகக்கூடியது.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? தைலத்தை மட்டும் நிறுத்துங்கள், தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். ‘அத்தை, டாக்டர் நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னாங்க’ என்றால் போதும். இடுப்பு வலிக்கு இதமாக இருந்ததில் பெரும் பங்கு அவர் கைக்குத்தான். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நல்லெண்ணெயில் முதுகெலும்புக்கு இருபுறமும் மெல்ல நீவச் சொல்லுங்கள். கெண்டைக்காலை மட்டும் அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

தலைவலி

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆபீஸ் முடிந்து வரும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதக் கடைசியில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேயே இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வைத்துக் குடித்துப் பாருங்கள். கர்ப்பத்தில் பாரசிட்டமால் போடலாம், அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் 20 வாரத்துக்கு மேல் வருகிற தலைவலிக்கு லாவண்டர் தடவுமுன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140க்கு 90 என்ற அளவை எட்டினால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தலைவலியோடு கண் மங்குவது, கண்முன் மின்னல் மாதிரி தெரிவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. நடுராத்திரி என்றால் 108ஐ அழையுங்கள்.

37வது வாரத்து வீடியோ

கிளாரி சேஜ் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை, பிரசவ வலியில் இருந்த 8,000க்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு லாவண்டர், கிளாரி சேஜ் உள்ளிட்ட எண்ணெய்களைப் பயன்படுத்திப் பதிவு செய்தார்கள். பல பெண்களுக்குப் பதற்றம் குறைந்தது. தலைவலி, குமட்டல் போன்ற சின்னத் தொல்லைகள் ஒரு சதவீத அளவில்தான். ஆகவே இது மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம். அங்கே பயிற்சி பெற்ற மிட்வைஃப் பக்கத்திலேயே இருந்தார், பெண்ணுக்கு ஏற்கெனவே வலி தொடங்கியிருந்தது. அப்புறம், இப்படிப்பட்ட எண்ணெய்கள் பிரசவ வலியைக் குறைக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் 2011இல் எல்லா ஆய்வுகளையும் அலசிய காக்ரேன் குழு எழுதியது. வீட்டில் நீங்களாக வயிற்றில் தடவ வேண்டாம்.

விளக்கெண்ணெய் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: குடிக்காதீர்கள். அது குடலைப் பிடித்துக் கலக்கும், அதோடு சேர்த்துக் கர்ப்பப்பையையும் கலக்கிவிடலாம். பத்து முறை வெளியே போய், உடம்பில் நீர் வற்றி, கண் சொருகிய நிலையில் பிரசவ அறைக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிரசவம் என்பது மணிக்கணக்கில் தெம்பு வேண்டிய வேலை, தொடங்குமுன்பே அந்தத் தெம்பை இழந்து வருகிறார்கள்.

சுகப்பிரசவத்துக்கு எண்ணெயால் ஏதாவது செய்ய முடியுமா என்றால், ஒன்று உண்டு. அந்த வீடியோக்களில் அது வருவதில்லை, ஏனென்றால் அதில் வாசனையும் இல்லை, விற்க ஒன்றும் இல்லை. 35வது வாரத்திலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு முறை, கையை நன்றாகக் கழுவி, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியைச் சாதாரணத் தேங்காய் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ தொட்டு மெதுவாக நீவி விரித்துப் பழக்குவது. முதல் பிரசவத்தில் தையல் போடுகிற அளவுக்குக் கிழிவதை இது ஓரளவு குறைக்கிறது. செய்முறையை உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அரிப்பின் பரிசோதனை முடிவைப் பொறுத்து உங்கள் பிரசவத் தேதியே முன்னே வரலாம், அதனால் 37வது வாரத் திட்டம் எதையும் இப்போதே போட வேண்டாம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றீர்கள். இதில் தப்பு எங்கள் பக்கம். காலை ஓ.பி.யில் எழுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது ‘வேற ஏதாவது இருக்கா?’ என்று கேட்டுக்கொண்டே அடுத்தவர் சீட்டைக் கையில் எடுக்கிறோம். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஆறு சீசாவையும் தைலத்தையும் ஒரே போட்டோவாக எடுத்து, உட்கார்ந்ததும் போனை நீட்டிவிடுங்கள். படம் பார்க்க ஐந்து விநாடிதான் ஆகும்.

குழந்தை வந்த பிறகு

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம். மூக்கடைப்பு என்று மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எதையும் குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவ விடாதீர்கள், மூச்சே நின்றுபோன குழந்தைகள் உண்டு. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். தொட்டிலுக்கென்று பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய சேலைகளில் அந்துருண்டை வாசனை இருந்தால், துவைத்து இரண்டு வெயில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். சில குழந்தைகளுக்கு அந்த வாசனையே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். சீசாக்களும் தைலமும் வீட்டுக்கு வருகிற வாண்டுகளின் கைக்கும் எட்டாத அலமாரியில், இன்றைக்கே.

இன்னொன்று. பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அது வெறும் நம்பிக்கை இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பூ கட்டியவர்களுக்குப் பால் உண்மையிலேயே வற்றியது. பால் கொடுக்க நினைக்கிறவர்கள் அதைச் செய்யக் கூடாது. தலையில் வைப்பதற்கு இது பொருந்தாது. அடுத்த மாதம் வளைகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், நாத்தனார் வரும்போது சத்தியமங்கலத்து மல்லியாகவே தலை நிறைய வைத்துவிடச் சொல்லுங்கள்.